11,000 பேர் படிக்கிறார்கள், 60 பேர்தான் வாங்குகிறார்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். இவர் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து, கொரோனா காலத்தில் வேலையை இழந்தவர். அப்போது பொழுதுபோகாமல் போனில் மீனைப் பற்றி எழுத ஆரம்பித்தார். எந்த மாதம் எந்த மீன் ருசி, செவுளைத் தூக்கிப் பார்த்து எப்படி வாங்குவது, சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலை மண் இல்லாமல் எப்படி அலசுவது என்று தினம் ஒரு குறிப்பு. இன்றைக்கு 11,000 பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள். இரண்டு வருடமாக நெத்திலி, வாளை, சுறாக் கருவாடும் இறால் ஊறுகாயும் வீட்டிலேயே செய்து விற்கிறார். ஆனால் மாதம் தவறாமல் வாங்குகிறவர்கள் 60 பேர்தான்.

போன நவம்பர் மழையில் அனுப்பிய நெத்திலிப் பொட்டலம் ஒன்று பூஞ்சை பிடித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாங்கிய சென்னை அம்மா அதைப் படம் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார் அண்ணன். ₹3,000 கொடுத்தால் 20,000 பேரைச் சேர்த்துத் தருகிறார்கள், சொந்தக்காரர்களை விட்டு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லலாம் என்கிறார் கொழுந்தனார். ஒரு மசாலா கம்பெனி, தன் பொடியைப் புகழ்ந்து எழுதினால் ₹8,000 தருவதாகச் சொல்லியிருக்கிறது. இதற்கிடையே பாண்டிச்சேரியில் ஒருவர் இவருடைய குறிப்புகளை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டு வருகிறார். "இந்த 11,000 பேரையும் என்னை நம்பி வாங்குகிறவர்களாக எப்படி மாற்றுவது? 60 பேர் என்றால் நான் தோற்றுவிட்டேனா மேடம்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தோற்கவில்லை. முகம் பார்க்காத 60 குடும்பங்கள், இரண்டு தெரு தள்ளி மீன் கடை இருந்தும், மாதா மாதம் உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பார்சலுக்காகக் காத்திருக்கின்றன. நுகர்வோர் வழக்குகளையே பல வருடமாகப் பார்த்து வருகிற எனக்கு, இது எவ்வளவு அரிதானது என்று தெரியும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு முறை வாங்கி ஏமாந்தவர்கள்.

நான் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவார். ஒருநாள் அம்மா கூடையைத் திறக்கச் சொன்னதும், "இன்னைக்கு வேணாம் தங்கச்சி, எல்லாம் ஐஸ் மீனு. நாளைக்கு நல்லதா கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு ரூபாய் வியாபாரம்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என் அம்மா வேறு யாரிடமும் மீன் வாங்கியதில்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் வராதபோது, எங்கள் வீட்டில் இரண்டு மாதம் புளிக்குழம்புதான். வாடிக்கை என்ற சொல்லுக்கு வழக்கம் என்றுதான் பொருள். அந்த வழக்கம் தொடங்கியது அவர் விற்ற நாளில் இல்லை, விற்க மறுத்த நாளில்.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த மூன்று குறிப்புகளில் ஒன்று, "இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என்னிடம் கருவாடு வாங்காதீர்கள், எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு முழுசாகப் போகாது" என்று தொடங்குகிறது. அதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பகிர்ந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீன்காரம்மா செய்ததை நீங்கள் அறியாமலே செய்திருக்கிறீர்கள். வியப்பு என்னவென்றால், அதே கடிதத்தில் 20,000 பேரை விலைக்கு வாங்கலாமா என்றும் கேட்கிறீர்கள்.

11,000 பேரையும் வாங்குகிறவர்களாக மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அவர்களில் சைவம் சாப்பிடுகிறவர் இருப்பார், ஊர் ஞாபகத்துக்காகத் துபாயில் உட்கார்ந்து படிக்கிறவர் இருப்பார், படகு என்றாலே பிடிக்கும் என்பதற்காக வந்தவர் இருப்பார். அவர்கள் படிக்கட்டும். உங்களுடைய கவனம், காசு, நேரம் மூன்றும் அந்த 60 பேரிடம் போக வேண்டும். 60 பேர் 90 ஆவது அவர்கள் வாய்வழியாகத்தான் நடக்கும்.

பூஞ்சை பிடித்த பொட்டலம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். ஆனால் நீங்கள் இதை நாலே வரியில் கடந்துவிட்டீர்கள்.

அண்ணன் சொல்கிற நோட்டீஸ் வேண்டாம். உங்களிடம் வாங்கிய பொருள் கெட்டிருந்ததை ஒருவர் படத்தோடு சொன்னால் அது அவதூறு ஆகாது. உரிமையியல் வழக்கில், சொன்னது உண்மை என்பதே அவருக்கு முழுப் பாதுகாப்பு. நோட்டீஸ் கிடைத்த கோபத்தில் அவர் திருப்பி வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். அவர் சென்னையில் தாக்கல் செய்வார், நீங்கள்தான் கடலூரிலிருந்து பஸ் ஏற வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை ₹5 லட்சத்தைத் தாண்டாதவரை அவருக்குத் தாக்கல் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் வரை அவகாசமும் இருக்கிறது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று முன்பே எழுதியிருக்கிறேன், அதனால் பிரச்சினை இல்லை அல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அந்த வரி பிடிக்காமல் போனதற்குப் பொருந்தலாம், கெட்டுப்போனதற்குப் பொருந்தாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை, அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். நீங்கள் அந்த 30 நாளை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். அது போக, பூஞ்சை பிடித்த உணவு என்பது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. யாராவது சாப்பிட்டு உடம்புக்கு வந்திருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த 60 பேரும் இப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னை அம்மாவுக்கு நடந்தது தங்களுக்கு நடந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்பதே அவர்கள் மனதில் ஓடும். ஆகவே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, உங்கள் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். எந்தத் தேதியில் காயவைத்த நெத்திலி, அது ஏன் ஈரம் இழுத்தது, அதே நாளில் காயவைத்ததை இன்னும் எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே கூப்பிட்டுவிடுங்கள். மன்னிப்பு ஒரு வரி போதும், மற்றதெல்லாம் விவரமாக இருக்கட்டும்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூரிய உலர்த்தி போன்ற ஏற்பாடு செய்துகொள்ளும்வரை, அந்த மாதங்களில் புதிதாகக் காயவைத்ததை விற்காதீர்கள். "இந்த மாதம் கருவாடு இல்லை, மழை" என்று மேகம் மூடிய வானத்தின் படத்தோடு ஒரு குறிப்புப் போடுங்கள். அந்த மாத வருமானம் போகும், உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பச்சை மீன் குறைகிறபோது கருவாட்டைத் தேடுவார்கள். பங்குனி வெயிலில் நன்றாகக் காய்ந்ததை அதற்கென்று எடுத்துவைத்து, அந்த 60 பேருக்கு முதலில் சொல்லுங்கள். இழந்ததில் ஒரு பங்கு அங்கே திரும்பும்.

கொழுந்தனார் சொல்லும் வழி

அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் விலைக்கு வாங்கிய 20,000 பேரில் ஒருவர்கூடக் கருவாடு வாங்கமாட்டார். பெரும்பாலும் ஆளே இல்லாத கணக்குகள் அவை. பின்தொடர்பவர் 31,000, விருப்பம் போட்டவர் 40 என்று தெரிந்தால், படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

சொந்தக்காரர்களை விட்டு வாடிக்கையாளர் போல எழுதவைப்பது இன்னும் மோசம். 2020-ஆம் வருட மின்வணிக விதிகள், விற்பவர் தன்னை நுகர்வோர் போலக் காட்டிக்கொண்டு விமர்சனம் எழுதக் கூடாது என்று சொல்கின்றன. ஆள் வைத்து எழுதவைத்தால் மட்டும் அது சரியாகிவிடாது. பொய் விமர்சனங்களைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தர அளவையே வெளியிட்டிருக்கிறது. உங்கள் நாத்தனார் நிஜமாகவே சாப்பிட்டு ருசித்திருந்தால் எழுதட்டும். "இவர் என் அண்ணி, நான் காசு கொடுக்காமல் சாப்பிட்டேன்" என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

இதே இடத்தில் உங்கள் குறிப்பு ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறும் என்று குறிப்பிலும் பொட்டலத்திலும் சொல்லிச் சுறாக் கருவாட்டை விற்றிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்துகொடுப்பது வழக்கம், எனக்கும் என் மாமியார் செய்துகொடுத்தார். அந்த வழக்கத்தை எழுதுவது வேறு, விற்கிற பொட்டலத்தில் உடல்நலப் பலனாக அச்சடிப்பது வேறு. உணவுப் பொருளில் அப்படி ஒரு பலனைச் சொன்னால் அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். பொட்டலத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். குறிப்பில் மாமியார் கதையாக இருக்கட்டும்.

மசாலா கம்பெனியின் ₹8,000

உங்கள் வீட்டு நிலையில் ₹8,000 சின்னத் தொகை இல்லை என்று தெரியும். வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். அந்தப் பொடியில் நீங்களே ஒரு மாதம் குழம்பு வையுங்கள். பிடித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதும்போது முதல் வரியிலேயே "இது விளம்பரம், இதற்குப் பணம் பெற்றேன்" என்று தமிழில் தெளிவாகப் போடுங்கள். பணத்துக்குப் பதிலாக இலவசமாகப் பொடி கொடுத்தாலும் இதேதான். 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள் இந்தத் தொடர்பை மறைக்கக் கூடாது என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு, அதைப் பரிந்துரைத்தவருக்கும் ₹10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் ₹50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

"விளம்பரம்" என்று போடக் கூடாது என்று கம்பெனி நிபந்தனை வைத்தால், அந்தப் பணம் வேண்டாம். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தையும் படத்தையும் அவர்கள் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

60 பேரை எங்கே வைத்துக்கொள்வது

எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். குரூப்பில் போட்டால் ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். கருவாடு வாங்க எண் கொடுத்த பெண்ணுக்கு, முகம் தெரியாதவர் இரவில் "ஹாய்" அனுப்பினால், அவர் உங்களைத்தான் திட்டுவார். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சம்மதம் வாங்கிய காரியத்துக்கு மட்டும் அந்தத் தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். இதைச் சிலர் குறை என்பார்கள். எனக்கு இது நல்லதாகவே படுகிறது, உங்கள் பெயரைச் சேமித்து வைக்கத் தோன்றியவரிடம்தான் நீங்கள் பேசுகிறீர்கள். வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டை, குழந்தையோடு சாப்பிடும் படத்தை வெளியே போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். யாருக்கு உப்புக் குறைவாக வேண்டும், யார் வீட்டில் தலை கிள்ளிய நெத்திலிதான் கேட்பார்கள், யார் அமாவாசைக்கு முன்னால் பார்சல் வேண்டாம் என்பார்கள் என்று எழுதிவையுங்கள். 60 பேருக்கு இது முடியும், 11,000 பேருக்கு முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது, பார்க்கிறேன்" என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. மின்வணிக விதிகளில் குறைதீர்ப்புக்கு இருக்கிற அளவு இது, நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரவு 12 மணி வரை போனோடு இருப்பதாகவும் கணவர் வருத்தப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். 9 மணிக்கு மேல் பதில் வராது என்று எழுதிப் போட்டுவிடுங்கள். நேரம் தெரிந்தால் காத்திருப்பார்கள்.

எடுத்துப் போட்ட குறிப்புகள்

சமையல் முறையைச் சட்டம் யாருக்கும் சொந்தமாக்காது. சென்னாக்குன்னித் தொக்கு எப்படிச் செய்வது என்பதை அவரும் எழுதலாம். ஆனால் நீங்கள் எழுதிய வரிகளும் நீங்கள் எடுத்த படங்களும் உங்களுடையவை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை, எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. முதலில் அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரத்தில் எடுக்காவிட்டால், உங்கள் பழைய பதிவின் தேதியோடு அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். பொதுவில் சண்டை வேண்டாம். உங்கள் 60 பேருக்கு அதில் எந்த லாபமும் இல்லை.

விற்பனைப் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். கருவாடும் ஊறுகாயும் வணிகச் சின்னப் பதிவில் 29-ஆம் வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு ₹4,500, பதிவு 10 வருடத்துக்குச் செல்லும்.

நீங்கள் கேட்காத இரண்டு

வீட்டில் செய்வதால் எந்த அனுமதியும் தேவையில்லை என்ற தொனி கடிதத்தில் இருக்கிறது. தேவை. எவ்வளவு சிறிய உணவுத் தயாரிப்பும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த 14 இலக்க எண், எடை, விலை, செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், உங்கள் முகவரி, புகார் சொல்ல போன் எண் எல்லாம் பொட்டலத்தில் இருக்கட்டும். அசைவக் குறியீடு இப்போது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்.

அடுத்தது பாண்டி. உங்கள் 60 பேரில் 14 பேர் பாண்டிச்சேரி என்கிறீர்கள். கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், நமக்கு அது வேறு ஊர் என்றே தோன்றாது. ஆனால் எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் ஜிஎஸ்டி சட்டத்துக்கு அது வேறு மாநிலம் மாதிரிதான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு வருடம் ₹40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வரிக்கு உட்பட்ட பொருளை எல்லை தாண்டி அனுப்பினால் அந்த வரம்பு உதவாது, சின்னத் தொகைக்கும் பதிவு கேட்பார்கள். ஊறுகாய் வரிக்கு உட்பட்டது. கருவாட்டை முன்கூட்டியே எடைபோட்டு, லேபிள் ஒட்டி அடைத்தால் அதுவும் அப்படித்தான். அடுத்த பார்சலுக்கு முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். அதுவரை பாண்டி ஆட்கள் கடலூர் வரும்போது நேரில் வாங்கிக்கொள்ளட்டும். வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, மீன் காயும் இடத்தையும் காட்டுங்கள்.

இதில் எதை எப்போது செய்தாலும், சென்னை அம்மாவை இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள். எண் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பணம் எந்த எண்ணுக்கு அனுப்பட்டும் என்று மட்டும் கேளுங்கள்.